விவாத இழை: கறுப்பின நிகழ்த்துக் கவிதையின் வேர் பிரசங்க மேடையா, தெருமுனையா?

வைகறை எழுதியது:

ஸ்போக்கன் வேர்ட் எனப்படும் ஆப்பிரிக்க அமெரிக்க நிகழ்த்துக் கவிதையைப் பற்றி எழுதுபவர்களில் பலர் ஒரே நாளிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். 1968ஆம் ஆண்டு மே 19, கொல்லப்பட்ட கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் பிறந்த நாள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், அப்போது மவுண்ட் மோரிஸ் என்றும் பின்னாளில் மார்கஸ் கார்வி என்றும் பெயர் பெற்ற பூங்காவில், டேவிட் நெல்சன், கைலன் கெயின், அபியோடுன் ஓயெவோலே ஆகிய மூவர் கூடியிருந்தவர்களின் முன்னால் கவிதை சொன்னார்கள். ‘லாஸ்ட் போயட்ஸ்’ என்ற குழு பிறந்தது. அதிலிருந்து ராப் வந்தது. இவ்வளவுதான் வழக்கமான வரலாறு.

இந்த வரலாறு எனக்குப் போதவில்லை. குழுவின் பெயரே வேறொரு கண்டத்திலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து நாடு கடந்து அமெரிக்காவில் வாழ்ந்த கியோராபெட்சே கோசிட்சிலே என்ற கவிஞர், காலம் கனியும்போது கலைப் பேச்சுக்கு இடமிராது, ஈட்டி முனையே கவிதையாகும் என்ற பொருளில் எழுதியிருந்தார். அப்படியானால் அந்த நாளுக்கு முந்தைய கடைசிக் கவிஞர்கள் நாங்கள்தாம் என்று இவர்கள் தங்களை அறிவித்துக்கொண்டார்கள். சரி, பெயர் கிடைத்த வழி தெரிகிறது. ஆனால் அந்தக் குரல், அந்த மூச்சு, கூட்டத்தைப் பதில் சொல்ல வைக்கும் அந்த உத்தி ஆகியவை எங்கிருந்து வந்தன? இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள் ஒரு பிற்பகலில் கண்டுபிடிக்கக்கூடிய வடிவமன்று அது. இசை இந்தக் கவிதைக்கு என்ன செய்தது, இந்தக் கவிதை இசைக்கு என்ன செய்தது என்பதையும் நண்பர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செவிவழி எழுதியது:

வைகறை, உங்கள் கேள்விக்கு என்னுடைய விடை கறுப்பினத் தேவாலயத்தின் பிரசங்க மேடை என்பதே. மற்றவை எல்லாம் அதன் பிறகுதான். சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள்; முரசு கொட்டி ஆள் சேர்த்துக்கொண்டே நடந்தார்கள். மறு ஆண்டு அந்தக் குடியேற்றத்தின் சட்டமன்றம் இயற்றிய அடிமைச் சட்டம், முரசு, கொம்பு முதலிய உரத்த ஒலிக்கருவிகளை அடிமைகள் வைத்திருப்பதைத் தடை செய்தது. முரசு போனது; தாளம் போகவில்லை. கைதட்டலும், தொடையிலும் மார்பிலும் தட்டி எழுப்பும் ‘ஜூபா’ தாளமும், வட்டமாகச் சுற்றிவந்து காலால் தரையைத் தேய்த்துப் பாடும் ‘ரிங் ஷவுட்’ வழிபாடும் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. ஒருவர் ஒரு வரி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பதில் சொல்லும் முறை வயலில் வேலைப் பாட்டாகவும் வழிபாட்டில் துதியாகவும் ஒன்றாகவே இருந்தது.

டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில், அடிமைகளின் சமயத்துக்குப் போதகர், இசை, ஆவேசம் என மூன்று அடையாளங்களைச் சொல்கிறார். இந்த மூன்றும் ஒரே நிகழ்வில் எப்படி இணைகின்றன என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் போதகராக இருந்த சி. எல். பிராங்க்ளின், பாடகி அரீதா பிராங்க்ளினின் தந்தை, 1950களில் இசைத்தட்டுகளில் வெளியிட்ட பிரசங்கங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவர் வேத வசனத்தைப் படித்து, வகுப்பறை ஆசிரியர் போல நிதானமாகப் பொருள் சொல்லித் தொடங்குவார். போகப் போக வாக்கியங்கள் குறுகும். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ ஒரே கால அளவில் முடியும். முடிவில் மூச்சு ஒலியோடு வெளியேறும். அந்த இடைவெளியில் சபை ‘ஆம், ஐயா’ என்று நிரப்பும். பிறகு ஒரு கட்டத்தில் பேச்சு ஒரே சுருதியில் வந்து நிற்கும். அங்கிருந்து மேலேறி இறங்கும்போது அது பேச்சா பாட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கறுப்பினப் போதகர்கள் ‘ஹூப்பிங்’ என்று இதைச் சொல்வார்கள்.

எழுத்தாளர்கள் இதைக் கவனிக்கத் தவறவில்லை. ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1929 மே மாதம் புளோரிடாவின் ஓ காலி என்ற ஊரில் சி. சி. லவ்லேஸ் என்ற போதகரின் பிரசங்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, 1934இல் வந்த தம் நாவலில் அதைப் பயன்படுத்தினார். அதற்கு முன்பே, 1927இல், ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் ஏழு பிரசங்கங்களைக் கவிதையாக்கி ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பிலேயே டிரம்போன் வாத்தியத்தை வைத்தார். மனிதக் குரலின் உணர்ச்சி வீச்சு முழுவதையும் காட்ட வல்ல கருவி அது என்பது அவர் சொன்ன காரணம். முன்னுரையில் அவர் சொல்லும் ஒரு செய்தி இந்த இழைக்கு மிக முக்கியமானது: போதகர் மூச்சை இழுத்து ஒலியோடு வெளிவிடும் இடங்களை அச்சில் சிறு கோடுகளால் குறித்திருப்பதாகச் சொல்கிறார். கவிதை நூலுக்குள் ஒரு வகை இசைக்குறிப்பு நுழைந்துவிட்டது. லாஸ்ட் போயட்ஸ் பிறப்பதற்கு 41 ஆண்டுகள் முன்பு.

மறுப்புரை எழுதியது:

செவிவழி அழகாக எழுதியிருக்கிறார். எனினும் பாதி ஊரை மறைத்துவிட்டு மீதியைக் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்துக்குச் சென்றவர்கள் சனிக்கிழமை இரவில் எங்கே இருந்தார்கள்?

முடிதிருத்தும் கடை, பில்லியர்ட்ஸ் கூடம், படை முகாம், சிறைச்சாலை ஆகிய இடங்களில் ஆண்கள் மனப்பாடமாகச் சொல்லிவந்த நீண்ட கதைப்பாடல்களுக்கு ‘டோஸ்ட்’ என்று பெயர். சிங்கத்தையும் யானையையும் வாய்ச்சாலத்தால் மோதவிடும் குரங்கு, தொப்பிக்காகக் கொலை செய்யும் ஸ்டாக்கர் லீ, 1912இல் மூழ்கும் டைட்டானிக் கப்பலிலிருந்து கப்பல் தலைவரின் பணத்தையும் அவர் மகளின் கெஞ்சலையும் புறக்கணித்துவிட்டு நீந்தித் தப்பும் ஷைன் என்ற கறுப்பினத் தொழிலாளி ஆகியோர் இவற்றின் நாயகர்கள். வரிக்கு நான்கு அழுத்தம், ஈரடிக்கு ஓர் இயைபு, சொல்பவரின் வசதிக்கேற்ப விரிந்து சுருங்கும் நடு. ராப் பாடலின் எலும்புக்கூடு இதுவேயன்றிப் பிரசங்கமன்று. ரோஜர் ஆப்ரகாம்ஸ் பிலடெல்பியாவின் தெருக்களில் இவற்றைத் தொகுத்து 1964இல் நூலாக்கினார். புரூஸ் ஜாக்சன் டெக்சாஸ் சிறைகளில் ஒலிப்பதிவு செய்தவற்றையும் சேர்த்து 1974இல் வெளியிட்டார். இவற்றில் உள்ள ஆபாசத்தையும் பெண்வெறுப்பையும் நான் மூடி மறைக்கவில்லை. அவை இருக்கின்றன, அவையும் ராப் பாடலுக்கு வந்து சேர்ந்தன.

இன்னொன்று. 1970இல் வந்த லாஸ்ட் போயட்ஸ் முதல் இசைத்தட்டில் கேட்கும் மூன்று கவிஞர்களில் ஒருவரான ஜலால் மன்சூர் நூருதீன், 1973இல் ‘லைட்னின் ராட்’ என்ற புனைபெயரில் ஒரு முழு இசைத்தட்டை டோஸ்ட் வடிவத்திலேயே சொன்னார். சூதாடிகளின் மாநாட்டைப் பற்றிய ஒரே நீள்கதை. பின்னணியில் கூல் அண்ட் த கேங் உள்ளிட்ட இசைக்கலைஞர்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் விருந்துகளில் இசைத்தட்டுச் சுழற்றிய கூல் ஹெர்க், ராப்பின் தூண்டுதல் என ஜேம்ஸ் பிரவுனையும் இந்த இசைத்தட்டையும் குறிப்பிட்டவர். சிறையிலிருந்தும் தெருமுனையிலிருந்தும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்த நேர்வழி இது. தேவாலயத்தின் வாசலை இந்த வழி தொடவேயில்லை.

நூலகப்படி எழுதியது:

இருவரும் எழுதப்பட்ட கவிதையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வாய்மொழியைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். அது நியாயமன்று. கறுப்பினக் கவிஞர்கள் எழுதும்போதே காதுக்காக எழுதினார்கள், அதற்காக விலையும் கொடுத்தார்கள்.

ஒஹாயோவின் டேட்டன் நகரில் மின்தூக்கி இயக்குபவராக வேலை பார்த்த பால் லாரன்ஸ் டன்பர், 1896இல் விமர்சகர் ஹவல்ஸின் மதிப்புரையால் நாடு முழுவதும் அறியப்பட்டார். வாசிப்பு மேடைகள் அவரைத் தேடி வந்தன. ஆனால் மேடை அவரிடம் வேண்டியது தோட்டப்புறப் பேச்சுவழக்கில் அமைந்த கவிதைகளை மட்டுமே. செந்தர ஆங்கிலத்தில் அவர் எழுதியவற்றைக் கேட்க ஆளில்லை. இந்த ஏமாற்றத்தோடுதான் 33 வயதில் இறந்தார். ஜான்சன் தம் பிரசங்கக் கவிதைகளில் பேச்சுவழக்கு எழுத்துக்கூட்டலைத் தவிர்த்துவிட்டுத் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டதற்கு இந்தப் பின்னணி இருக்கிறது. வெள்ளையர் மேடையில் கறுப்பினப் பேச்சு கேலிப்பொருளாகியிருந்த காலம் அது.

லாங்ஸ்டன் ஹியூஸ் வேறு வழியைக் கண்டார். 1926இல் வந்த அவருடைய முதல் தொகுப்பின் தலைப்புக் கவிதையில் ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் ஒரு பியானோக்காரர் வாசிப்பதும் பாடுவதும் அப்படியே இடம்பெறுகின்றன. புளூஸ் பாட்டில் முதல் அடியைச் சொல்லி, அதையே சிறு மாற்றத்தோடு திரும்பச் சொல்லி, மூன்றாம் அடியில் முடிச்சை அவிழ்க்கும் மரபு உண்டு. அந்த அமைப்பை அவர் ஏட்டுக்குக் கொண்டுவந்தார். ஸ்டெர்லிங் பிரவுன் 1932இல் வேலைப் பாட்டின் சம்மட்டி அடியையும் சேர்த்துக்கொண்டார். சம்மட்டி விழும் இடத்தில் வரும் உறுமலைக் கவிதையின் வரியிலேயே எழுதினார். 1958இல் ஹியூஸ் தம் கவிதைகளை இசைத்தட்டில் பதித்தபோது, ஒரு பக்கத்துக்கு லெனர்ட் பெதரும் மறுபக்கத்துக்குச் சார்ல்ஸ் மிங்கஸும் இசைப் பொறுப்பை ஏற்றார்கள். ஜாஸ் பின்னணியில் கவிதை சொல்வதைச் சான்பிரான்சிஸ்கோவில் 1950களில் மரபை மீறி எழுதிய பீட் கவிஞர்கள் தொடங்கிவைத்தார்கள் என்று இன்னமும் சிலர் எழுதுகிறார்கள். ஹியூஸ் அதை 1920களிலேயே செய்துபார்த்தவர். பீட் கவிஞர்களிடையே மிகச் சிறந்த வாய்மொழிக் கவிஞராக நான் கருதும் பாப் காஃப்மனும் கறுப்பினத்தவரே. அவரைப் பட்டியலின் கடைசியில் வைப்பது ஒரு பழக்கமாகிவிட்டது.

1961இல் ஹியூஸ் வெளியிட்ட நீள்கவிதை என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் மையம். கவிதை ஒரு பக்கம் ஓட, அருகிலேயே சாய்வெழுத்தில் இசைக்கலைஞர்களுக்கான கட்டளைகள் ஓடுகின்றன: இங்கே புல்லாங்குழல், இங்கே முரசு மட்டும், இங்கே மௌனம். அதன் தலைப்போ, தாயை இழுத்துப் பேசி ஒருவரையொருவர் சீண்டும் ‘டசன்ஸ்’ என்ற தெரு விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. மறுப்புரை சொல்லும் தெரு அதில் இருக்கிறது, செவிவழி சொல்லும் இசைக்குறிப்பும் இருக்கிறது. அச்சிட்ட நூலில்.

மறுப்புரை எழுதியது:

ஹியூஸை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நீள்கவிதையை எத்தனை பேர் படித்தார்கள், ஸ்டாக்கர் லீ கதையை எத்தனை பேர் மனப்பாடமாகச் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேர் என்றால் பரப்பையும் பார்க்க வேண்டும்.

ஊசிமுனை எழுதியது:

நான் பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவன். எனவே மூலம் எது என்ற வழக்கை உங்களிடமே விட்டுவிட்டு, கவிதையோடு கருவிகள் என்ன செய்தன என்பதைச் சொல்கிறேன். வைகறையின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை.

லாஸ்ட் போயட்ஸ் முதல் இசைத்தட்டில் குரல்களையும் கைமுரசுகளையும் தவிர ஏறத்தாழ வேறொன்றும் இல்லை. ஒருவர் கவிதை சொல்ல, மற்ற இருவர் ஒரு சொல்லையோ சொற்றொடரையோ திரும்பத் திரும்பச் சொல்லி அடித்தளம் போடுகிறார்கள். பாட்டில் பாஸ் கருவி செய்யும் வேலையை இங்கே மனிதக் குரல் செய்கிறது. முரசு வேகத்தைக் கூட்டும்போது கவிஞர் வேகத்தைக் கூட்டுவதில்லை. சில இடங்களில் பின்தங்குகிறார், சில இடங்களில் முந்துகிறார். இந்த இழுபறியில்தான் பதற்றம் உருவாகிறது. ஜாஸ் பாடகர்களிடம் உள்ள அதே கலை.

கவிஞரும் பாடகருமான கில் ஸ்காட்-ஹெரனிடம் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அவர் பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்தார். ஹியூஸ் படித்த அதே பல்கலைக்கழகம். 1969இல் லாஸ்ட் போயட்ஸ் அங்கே வந்து நிகழ்த்தியதைக் கேட்டார். அங்கேயே பியானோக் கலைஞர் பிரையன் ஜாக்சனோடு நட்பானார். புரட்சியைத் தொலைக்காட்சி ஒளிபரப்பாது என்ற அவருடைய புகழ்பெற்ற கவிதை இரண்டு முறை பதிவானது. 1970 பதிவில் கொங்கா முரசுகளும் குரலும் மட்டுமே. அதைக் கேட்கும்போது ஒரு தெருக்கூட்டத்தில் நிற்கிறோம். 1971 பதிவில் ரான் கார்ட்டரின் பாஸ், பெர்னார்ட் பர்டியின் டிரம்ஸ், ஹியூபர்ட் லாஸின் புல்லாங்குழல் ஆகியவை சேர்ந்தன. சொற்கள் ஏறக்குறைய அவையே. ஆனால் பாஸ் ஒரே சுழலில் மீண்டும் மீண்டும் வருவதால், விளம்பர வாசகங்களைக் கேலி செய்யும் அந்த நீண்ட பட்டியல் ஒரு நடன மேடையின்மேல் ஏறிவிடுகிறது, கோபம் குறும்பாகிறது. பிற்கால ராப் இசைத் தயாரிப்பாளர்கள் கற்றுக்கொண்டது இந்த இரண்டாவது பதிவிலிருந்துதான் என்பது என் கருத்து. ஸ்காட்-ஹெரன் தம்மை ராப்பின் தந்தை என்று அழைப்பதை விரும்பாமல், புளூஸை ஆராய்பவன் என்றே சொல்லிக்கொண்டார்.

இப்போது எதிர்த்திசை. 1964 டிசம்பரில் ஜான் கோல்ட்ரேன் பதிவு செய்து மறு ஆண்டு வெளியான நான்கு பகுதிக் கோவையின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டின் உறையில் கடவுளுக்கு நன்றி சொல்லும் அவருடைய கவிதை அச்சிடப்பட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: சாக்ஸபோன் அந்தக் கவிதையை அசை அசையாக வாசிக்கிறது. வரி முடியும் இடத்தில் சொற்றொடர் முடிகிறது. நன்றி கூறும் சொற்கள் வரும்போதெல்லாம் ஒரே வகை இறக்கம் வருகிறது. இசையறிஞர் லூயிஸ் போர்ட்டர் இதைக் குறிப்போடு குறிப்பாக நிறுவியிருக்கிறார். கோல்ட்ரேனின் தாத்தாக்கள் இருவரும் மெதடிஸ்ட் போதகர்கள். மறுப்புரை அவர்களே, இந்த இடத்தில் தேவாலயத்தின் வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

செவிவழி எழுதியது:

ஊசிமுனைக்கு நன்றி. அதே வாசலில் இன்னும் ஒன்று. 1963 ஜூன் 23 அன்று மார்ட்டின் லூதர் கிங் டெட்ராய்ட்டில் ஆற்றிய உரையை மோட்டவுன் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. காதல் பாட்டுகளை விற்ற அதே நிறுவனம். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் எழுதிவைத்த உரையை அவர் படித்துக்கொண்டிருந்தபோது, அருகில் இருந்த, காஸ்பெல் எனப்படும் கறுப்பினத் தேவாலயப் பாட்டின் பாடகி மஹாலியா ஜாக்சன், கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார் என்பதை உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உரையின் புகழ்பெற்ற பகுதி காகிதத்தில் இருந்ததன்று. பிரசங்கத்தின் இடைவெளியைச் சபை நிரப்பும் என்று முன்பு சொன்னேன்; அந்தப் பதில் குரல் பிரசங்கத்தையே திருப்பிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1970இல் மோட்டவுன் ‘பிளாக் ஃபோரம்’ என்ற தனிப்பிரிவையே பேச்சுப் பதிவுகளுக்காகத் தொடங்கியது. அதில் வந்த கிங்கின் வியட்நாம் போர் எதிர்ப்புரைக்குக் கிராமி விருது கிடைத்தது.

வைகறை எழுதியது:

இதுவரை வந்த பதிவுகளில் ஹர்ஸ்டனையும் மஹாலியாவையும் தவிர எல்லாரும் ஆண்கள். டெட்ராய்ட்டையும் சில தென்மாநிலங்களையும் விட்டால் பெரும்பாலும் ஹார்லெம். உண்மை நிலை அவ்வளவுதானா?

நூலகப்படி எழுதியது:

இல்லை. 1965இல் மால்கம் எக்ஸ் கொலையுண்ட பிறகு கவிஞர் அமீரி பராக்கா ஹார்லெமுக்கு இடம்பெயர்ந்து தொடங்கிய கலை அரங்கிலிருந்து கறுப்பினக் கலை இயக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த ஆண்டுக் கோடையில் லாரிகளில் கவிதையையும் ஜாஸையும் நாடகத்தையும் தெருத்தெருவாகக் கொண்டு சென்றார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி கலவரத்தில் எரிந்தது. அதன்பின் அங்கே தொடங்கப்பட்ட எழுத்தாளர் பட்டறையிலிருந்து 1967இல் வாட்ஸ் ப்ராஃபெட்ஸ் குழு உருவானது. அவர்களுடைய 1971 இசைத்தட்டில், முன்பு மோட்டவுனுக்குப் பாட்டெழுதிய டீ டீ மெக்நீல் என்ற பெண் கவிஞரின் குரலும் பியானோவும் இருக்கின்றன. தலைப்பிலேயே ‘ராப்’ என்ற சொல் இருந்தது, பிராங்க்ஸ் இளைஞர்கள் ஒலிவாங்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே. 1973இல் பட்டறையின் கட்டடம் தீக்கிரையானது, எஃப்.பி.ஐ.க்கு உளவு சொன்ன ஒருவர் தாமே தீவைத்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

நிக்கி ஜியோவானி 1971இல் தம் கவிதைகளை நியூயார்க் கம்யூனிட்டி கொயர் என்ற பாடகர் குழுவின் காஸ்பெல் பாட்டோடு பதிவு செய்தார். கவிதைகளில் சில, தேவாலயத்தார் முகம் சுளிக்கும் அளவுக்குக் கோபமானவை. அவற்றுக்குக் கீழே பழைய துதிப்பாடல்கள் ஓடும்போது, பாட்டியும் பேத்தியும் ஒரே வீட்டில் சண்டையிட்டுக்கொண்டே சோறுண்பது போல இருக்கிறது. ஜெயின் கோர்டெஸ் இன்னும் துணிந்தவர். 1964இல் வாட்ஸில் நாடகக் குழு நடத்தியவர். 1974இல் வந்த முதல் இசைத்தட்டில் ரிச்சர்ட் டேவிஸின் பாஸ் ஒன்றோடு மட்டும் கவிதை சொன்னார். பிறகு ‘ஃபயர்ஸ்பிட்டர்ஸ்’ என்ற சொந்த இசைக்குழுவை அமைத்து, மகன் டெனார்டோ கோல்மனை டிரம்ஸில் அமர்த்தினார். பின்னணி இசை என்ற சொல் இவரிடம் பொருந்தாது. ஒரே தொடரை அவர் பத்து முறை சொன்னால் பத்து முறையும் கிட்டாரும் டிரம்ஸும் வேறு பதில் தருகின்றன.

க்வெண்டலின் ப்ரூக்ஸையும் விடக் கூடாது. பில்லியர்ட்ஸ் கூடத்தில் நிற்கும் பையன்களைப் பற்றிய அவருடைய எட்டு வரிக் கவிதையில் ‘நாங்கள்’ என்ற சொல் வரியின் இறுதியில் தொங்கி நிற்கும். அவர் வாசிக்கும் ஒலிப்பதிவில் அந்தச் சொல்லைப் பாதி விழுங்கிவிட்டு நிறுத்துவார். தாளத்தில் ஓர் அடி காலியாகும். இசையே இல்லாத தாளப் பிறழ்வு அது.

மறுப்புரை எழுதியது:

இனி ராப். கவிதைக்குழுக்கள் ராப்பைப் பெற்றெடுத்தன என்ற கதையில் எனக்கு ஐயம் உண்டு, என் சொந்தக் கட்சிக்கே அது தீங்கானாலும். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸின் செட்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் கூல் ஹெர்க் நடத்திய விருந்தில் முதன்மை இசைத்தட்டுக்கே. பேச்சு, ஆடுபவர்களை உசுப்பிவிடுவதற்கான துணை. அந்த வகைப் பேச்சுக்கு வானொலியில் வேறொரு வம்சம் இருக்கிறது. 1948இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகர வானொலியில் எதுகை மோனையோடு பாட்டுகளை அறிமுகம் செய்த லவாடா டர்ஸ்ட், பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் கொடிகட்டிப் பறந்த ஜாக்கோ ஹெண்டர்சன் ஆகியோர் அதில் முன்னோடிகள். மயாமியிலிருந்தும் நியூ ஆர்லியன்ஸிலிருந்தும் வீசிய அலைகளை ஜமைக்காவில் கேட்டவர்கள் அங்கே தங்கள் ஒலிபெருக்கி விருந்துகளில் அதே பாணியைப் பின்பற்றினார்கள். ஹெர்க் ஜமைக்காவில் பிறந்தவர் என்பதால் எல்லாம் அங்கிருந்து வந்தது என்கிறார்கள் சிலர்; அவரே அந்தத் தொடர்பை மறுத்திருக்கிறார். ஜமைக்காவுக்குப் போன சரக்கே அமெரிக்காவினுடையது என்பதை மறந்துவிட்டு நடக்கும் சண்டை அது. இலண்டனில் லின்டன் க்வேசி ஜான்சன் என்ற கவிஞர் லாஸ்ட் போயட்ஸைக் கேட்டுவிட்டு ஜமைக்காவின் ரெகே தாளத்தில் கவிதை எழுதியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அவருடைய முதல் இசைத்தட்டு 1978இல் வந்தது.

கவிதையின் செல்வாக்கு ராப்பில் தெளிவாகத் தெரிவது பிற்பாடு, ஒலித்துணுக்குகளை வெட்டி ஒட்டும் சாம்ப்ளிங் கலை வளர்ந்த பிறகு. எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் என்ற ராப் குழு 1991இல் லாஸ்ட் போயட்ஸின் குரலை எடுத்தாண்டது. 2005இல் ‘காமன்’ என்ற ராப் கலைஞர் அவர்களையே பாட்டுக்குள் அழைத்துவந்தார். 2010இல் கான்யே வெஸ்ட் ஸ்காட்-ஹெரனின் 1970 கவிதை ஒன்றைத் தம் இசைத்தொகுப்பின் முடிவாக வைத்தார். ஆனால் மிகவும் சிக்கலானது ராப் கலைஞர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 1993 பாட்டு. புரட்சி வரும் நாளிலும் சிலர் கூத்தடித்துக்கொண்டிருப்பார்கள் என்று ஓயெவோலே எச்சரித்த சொற்றொடரை அது கொண்டாட்டப் பல்லவியாக மாற்றியது. 2016இல் ஓயெவோலே வழக்குத் தொடுத்தார். எச்சரிக்கை கொண்டாட்டமாக மாறியதால் நோக்கமே வேறாகிவிட்டது, எனவே இது நியாயமான பயன்பாடு என்று 2018இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கவிஞரின் புகார் எதுவோ அதுவே எதிர்த்தரப்பின் சட்ட வாதமாயிற்று! செல்வாக்கு என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குள் இந்தக் கசப்பும் அடங்கும்.

செவிவழி எழுதியது:

அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கும் மனக்குறை உண்டு. ஆனால் எல்லா மரபுரிமையும் நீதிமன்றத்தில் முடிவதில்லை. வைகறை முதலில் குறிப்பிட்ட கோசிட்சிலே தென்னாப்பிரிக்கா திரும்பி, 2006இல் அந்நாட்டின் அரசவைக் கவிஞரானார். 2018 ஜனவரியில் இறந்தார். அவருடைய மகன்தான் எர்ல் ஸ்வெட்ஷர்ட் என்ற ராப் கலைஞர். அதே ஆண்டு இறுதியில் மகன் வெளியிட்ட தொகுப்பில், தந்தை கவிதை வாசிக்கும் பதிவும் தாய் பேசும் பதிவும் மாறி மாறி வெட்டி இணைக்கப்பட்டு ஒரு தனித் துண்டாக வருகின்றன. அதில் மகன் ஒரு வரிகூடப் பாடவில்லை.

வைகறை எழுதியது:

கவிஞர்கள் மேடையில் மதிப்பெண்ணுக்காக மோதும் ஸ்லாம் போட்டிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? இளைய வாசகர்கள் நிகழ்த்துக் கவிதை என்றாலே அதைத்தான் நினைக்கிறார்கள்.

ஊசிமுனை எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதன் தொடக்கம் கறுப்பின மரபுக்குள் இல்லை. மார்க் ஸ்மித் என்ற வெள்ளையினக் கட்டுமானத் தொழிலாளி 1986இல் சிகாகோவின் கிரீன் மில் விடுதியில் ஸ்லாம் போட்டியைத் தொடங்கினார். நியூயார்க்கில் பியூர்டோ ரிக்கோ கவிஞர்கள் 1970களில் நிறுவிய நியூயோரிக்கன் போயட்ஸ் கஃபே அதை ஏற்ற பிறகு, கறுப்பினக் கவிஞர்கள் அதற்குப் புதிய குரல் கொடுத்தார்கள். 1996இல் அங்கே வென்ற சால் வில்லியம்ஸ் பின்னர் ராக் இசையையும் ஹிப்-ஹாப்பையும் கலந்து தொகுப்புகள் வெளியிட்டார். மூன்று நிமிட வரம்பு, மேடைப் பொருள் கூடாது, இசைக்கருவி கூடாது என்பவை போட்டி விதிகள். கருவி இல்லாததால் கவிஞர்கள் வாயாலும் மார்பாலும் தாளம் போட்டார்கள். 1740ஆம் ஆண்டு முரசுத் தடை எனக்கு நினைவுக்கு வருகிறது.

நூலகப்படி எழுதியது:

உயிருக்கு அஞ்சி முரசை இழந்தவர்களையும், மதிப்பெண்ணுக்காகக் கருவியை வெளியே வைத்துவிட்டு வந்தவர்களையும் ஒரே வரியில் நிறுத்த வேண்டாம். ஸ்லாம் செய்த உண்மையான மாற்றம் வேறு: மூன்று நிமிடத்தில் உச்சத்தைத் தொட வேண்டியிருப்பதால், பிராங்க்ளின் போன்ற போதகர் முதல் கால் மணி நேரம் காட்டிய நிதானம் அதில் காணாமல் போயிற்று. பல ஸ்லாம் கவிதைகள் முதல் வரியிலேயே உச்சத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன.

வைகறை எழுதியது:

இனி வாதத்தைவிடக் கேட்பதே தேவை என்று தோன்றுகிறது. எங்கிருந்து தொடங்கட்டும்?

ஊசிமுனை எழுதியது:

ஆர்னா பான்டெம்ப்ஸ் தொகுக்க, ஃபோக்வேஸ் நிறுவனம் 1954இல் வெளியிட்ட கறுப்பினக் கவிஞர் இசைத்தட்டு முதலில். ஹியூஸ், ஸ்டெர்லிங் பிரவுன், மார்கரெட் வாக்கர், ப்ரூக்ஸ் ஆகியோரை அவரவர் குரலிலேயே கேட்கலாம். கருவி எதுவும் குறுக்கே வராது. அடுத்து, கழுகு தன் கூட்டைக் கலைப்பதைப் பற்றிய பிராங்க்ளினின் பிரசங்கம், இடையில் நிறுத்தாமல். அதன்பின் ஸ்காட்-ஹெரனின் இரண்டு பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். ஜலாலின் 1973 இசைத்தட்டை வீட்டில் குழந்தைகள் இல்லாத வேளையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்புரை எழுதியது:

ஜலாலை முதலில் கேளுங்கள். பிரசங்கம் பிறகு.